குகைக் கோயில், குன்றுக் கோயில்: குனோங் ராபாட் வீட்டுக்காரர்களுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கோலாலம்பூர் தங்கச்சி குடும்பம், ஜொகூர் மாமா குடும்பம் என்று நம் குனோங் ராபாட் வீடுகளில் பாய் விரிக்க இடம் இருக்காது. வந்தவர்களை எங்கே கூட்டிப் போவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம் தோழிகளே. நம்மைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகளுக்குள்ளேயே கோயில்கள் இருக்கின்றன. கற்கால மனிதன் தீட்டிய ஓவியம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி மரம் சீவிய காலத்துத் தோட்டத்து மாரியம்மன் இருக்கிறாள். பணமும் பெட்ரோலும் வீணாகாமல், வயசானவர்கள் களைக்காமல், எல்லாவற்றையும் பார்த்து வர வழி இருக்கிறது.

1. ஒரே நாளில் எல்லாத் திசைக்கும் ஓடாதீர்கள். கெக் லோக் தோங், சாம் போ தோங், லிங் சென் தோங் மூன்றும் நம் பக்கம், ஒரு காலைப் பொழுது போதும். கல்லுமலை, பேராக் தோங், தம்பூன் ஓவியம் இன்னொரு நாள், பத்து காஜா பக்கம் தனி நாள் என்று பிரித்துக்கொண்டால் ஒரே சாலையில் இரண்டு முறை போய்வரும் பெட்ரோல் மிச்சம்.

2. ஈப்போ மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வந்து கொட்டும். அதனால் படி ஏற வேண்டிய இடம், மரம் செடிக்குள் நடக்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கூரையுள்ள இடம், கடைத்தெரு, பசியாறும் கடை எல்லாம் பிற்பகலுக்கு.

3. வாசல் ஆணியில் ஒரு 'உலாப் பை' எப்போதும் தொங்கட்டும். மடக்குக் குடை, சின்ன டார்ச், பழைய துண்டு இரண்டு, கோடாலித் தைலம், கொசு மருந்து, நான்கைந்து பிளாஸ்டிக் பை, ஒரு மாற்றுச் சட்டை. வீடு திரும்பியதும் குறைந்ததை உடனே நிரப்பி மாட்டிவிட்டால், அடுத்த முறை கிளம்பும்போது யாரும் யாரையும் கத்த வேண்டியிருக்காது.

4. தீர்ந்துபோன மைலோ டின்னில் சில்லறைக் காசையும் ஒரு வெள்ளி நோட்டுகளையும் போட்டுக் காரிலேயே வையுங்கள். உண்டியல், கார் நிறுத்தம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் சில்லறைதான் கேட்பார்கள். ஐம்பது வெள்ளியை மாற்றுவதற்காகவே வேண்டாத குளிர்பானம் வாங்குகிற செலவு இதனால் நிற்கும்.

5. புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும்தான் உலாவுக்கு ஏற்ற சோறு. தேங்காய்ச் சாதமும் நாசி லெமாக்கும் நம் வெயிலில் மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆறவிட்டுப் பிறகு பொட்டலம் கட்டுங்கள். ஆவி உள்ளே தங்கினால்தான் கெட்டுப்போகும்.

6. வாழையிலையை அடுப்புத் தணலில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டிவிட்டுக் கட்டினால் கிழியாது, மணமும் சேரும். சாப்பிட்டதும் இலையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பூச்செடிக்கு அடியில் போடலாம். கோயில் வாசலில் பாலிஸ்டைரின் டப்பாவை விட்டுவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

7. முதல் நாள் இரவே பார்லித் தண்ணீரை முக்கால் பாட்டில் ஊற்றி உறைய வையுங்கள். மறுநாள் சோற்றுப் பொட்டலத்தின் பக்கத்தில் அதுவே ஐஸ் கட்டியாக இருக்கும், மத்தியானம் உருகிக் குடிக்கவும் ஆகும். முழுக்க ஊற்றிவிடாதீர்கள், உறையும்போது பாட்டில் வெடித்துவிடும்.

8. விருந்தாளிக்கு முதலில் காட்ட வேண்டியது நம் கெக் லோக் தோங். ஒரு காலத்தில் இரும்புத் தாது எடுத்த குகை அது. இன்று உள்ளே போனால் கூரை அண்ணாந்து பார்க்கும் உயரம், தரையெல்லாம் பளபளக்கும் கல், நடுவே அமைதியான புத்தர் சிலைகள். அனுமதி இலவசம் என்பதால், எட்டுப் பேர் வந்தாலும் கைப்பை கனம் குறையாது.

9. அதே குகையின் பின்வாசல் வழியாக வெளியே வந்தால் ஏரியும் நடைபாதையும் தோட்டமும். முட்டி வலிக்கிற பாட்டிக்குப் படி ஏறும் கோயில்களைவிட இதுதான் தோது. அவரை நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றிவரச் சொல்லுங்கள். கூழாங்கல் பதித்த நடைபாதையில் வெறுங்காலோடு இரண்டு சுற்று நடந்தால் கால் உளைச்சலுக்கும் இதம்.

10. குகைக்குள் மேலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், வழவழத்த தரை நனைந்தால் வழுக்கும். அடி தேய்ந்த ஜப்பான் சிலிப்பரை அன்று வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரப்பர் அடிப்பாகம் வரிவரியாக இருக்கும் செருப்பு போதும், புதுச் சப்பாத்து வாங்க வேண்டியதில்லை.

11. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் காரிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். சொட்டுச் சொட்டாய் வடிந்த தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு, ஆயிரக்கணக்கான ஆண்டாகச் சேர்ந்து உருவானது அது. நம் கை எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வளர்ச்சி நின்றுபோகும். காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள், அதட்டினால் கட்டாயம் தொடுவார்கள்.

12. கோப்பேங் சாலையோரத்துச் சாம் போ தோங் நம் மலையின் மறுபக்கம்தான். சீனாவிலிருந்து வந்த ஒரு துறவி 1890இல் இந்தக் குகையைக் கண்டு இங்கேயே தவமிருந்தார் என்பது வரலாறு. உள்ளே ஆமைக் குளம் இருக்கிறது. வீட்டில் காங்கோங் ஆயும்போது இளந்தண்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுப் போடலாம். ரொட்டித் துண்டு வேண்டவே வேண்டாம், ஆமைக்கும் ஆகாது, தண்ணீரும் நாறும்.

13. அடுத்த வாசலே லிங் சென் தோங். குரங்கரசனும் பன்றி முகத்தானும் துறவியும் சேர்ந்து மேற்கே போன சீனக் கதையின் சிலைகள் வண்ணவண்ணமாய் நிற்கும். அனுமார் கதை தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் குரங்கரசனை ரொம்பப் பிடிக்கும். முதல் நாள் இரவு கதையைக் கொஞ்சம் சொல்லி வையுங்கள், மறுநாள் ஒவ்வொரு சிலையையும் அவர்களே அடையாளம் காட்டுவார்கள்.

14. சீனக் கோயிலில் ஊதுவத்திப் புகை கனமாக இருக்கும், அதிலும் மாதப் பிறையின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் அதிகம். இழுப்பு உள்ளவர்களை அந்த நாட்களில் கூட்டிப் போகாதீர்கள். யாராவது கண்மூடி வேண்டிக்கொண்டிருந்தால் அவர் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டாம். நம் சாமி முன்னால் ஒருவர் அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

15. சாம் போ தோங் பக்கத்துக் கடைகளில் பம்ப்ளிமாஸ் வரிசையாகத் தொங்கும், தம்பூன் பழம் பேர்போனது. பெரிய பழம் என்று ஏமாறாதீர்கள். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுங்கள், அதில்தான் சாறு இருக்கும்.

16. பம்ப்ளிமாஸை வாங்கிய அன்றே வெட்ட வேண்டியதில்லை. காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. தோல் சுருங்கச் சுருங்க உள்ளே இனிப்பு ஏறும். ஐஸ் பெட்டியில் இடத்தை அடைக்க வேண்டாம்.

17. அதன் தோலையும் எறியாதீர்கள். வெயிலில் காயவைத்துச் சாம்பிராணிக் கரண்டியில் ஒரு துண்டு போட்டால் கொசு ஓடும், வீடும் மணக்கும். ஈரத் தோலைச் சப்பாத்து அலமாரியில் இரண்டு நாள் வைத்தால் வாடை போகும், மூன்றாம் நாள் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

18. நம் ஊர் பேர் சொல்லும் பண்டம் ஹியோங் பியா. தேங்காய் மட்டை எரித்த மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் பழைய முறை இன்னும் இங்கே இருக்கிறது. ஆனால் விரதம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: உள்ளே மால்ட் பாகோடு சின்ன வெங்காயம் சேரும், சில கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு. தாவர எண்ணெய்தானா என்று கேட்டு, பொட்டலத்தில் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

19. ஹியோங் பியா நமத்துப்போனால் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் மூடிபோட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். ஆறியதும் திரும்ப மொறுமொறுவென்று ஆகிவிடும். சூடாகவே கடித்தால் பாகு நாக்கைச் சுட்டுவிடும், பிள்ளைகளிடம் ஜாக்கிரதை.

20. கல்லுமலை முருகனைத் தைப்பூசத்தன்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் கோயிலைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பேன். சாதாரண வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். குனோங் சீரோ பாறை தலைக்கு மேலே கவிந்து நிற்க, மணியோசை அதில் மோதித் திரும்பிவரும். சஷ்டிக்கு நேர்த்தி வைக்கும் குடும்பங்கள் அன்று நிதானமாக அர்ச்சனை செய்துகொண்டு வரலாம்.

21. மலை ஒட்டிய எந்தக் கோயிலிலும் காரைப் பாறைக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள், கனமழை பெய்த மறுநாள் கண்டிப்பாக வேண்டாம். 1973இல் குனோங் சீரோ அடிவாரத்தில் பாறை இடிந்து விழுந்து பல உயிர்கள் போனதை ஈப்போப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நிழல் கிடைக்கிறதே என்று பார்க்காமல் நாலடி தள்ளி வெயிலில் நிறுத்துங்கள், முன் கண்ணாடிக்குப் பழைய பாயைப் போட்டால் சூடு தெரியாது.

22. தைப்பூசத்துக்குப் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து பால்குடம் எடுப்பவர்கள், பாலை வீட்டிலேயே குடத்தில் ஊற்றி எடுத்துப் போகாதீர்கள். உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு பெட்டியில் பாலைக் கொண்டுபோய், குடம் தலைக்கு ஏறும் முன் ஊற்றுங்கள், திரியாது. குடத்தின் வாயில் வாழையிலை வைத்து, மேலே மஞ்சள் துணியை ஈரமாக்கிக் கட்டினால் நடையில் சிந்தாது.

23. பால்குடமும் காவடியும் விடியற்காலைக்கு முன்பே கிளம்புவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலை வெறுங்காலைச் சுடும். முந்திய வாரத்திலிருந்தே இரவில் பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி வந்தால் தோல் இளகி வெடிக்காது. நடக்கும் அன்று காலையில் மட்டும் எண்ணெய் வேண்டாம், வழுக்கும்.

24. தைப்பூசத்தன்று பேராக்கில் பொது விடுமுறை என்பதால் கோயிலைச் சுற்றிக் கார் நிறுத்த அலைவது வீண். நகரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கிராப்பில் போங்கள், நான்கு பேர் பகிர்ந்தால் காசு தெரியாது. முடிந்ததும் எங்கே கூடுவது என்று முன்பே ஒரு கடையைப் பேசி வையுங்கள். அந்தக் கூட்டத்தில் கைப்பேசி பல நேரம் வேலை செய்யாது.

25. தண்ணீர்ப் பந்தலில் மோரும் பானகமும் அன்போடு நீட்டுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். குடித்துப் போட்ட பிளாஸ்டிக் கப்பை மறுநாள் கூட்டிப் பெருக்குகிறவர் முதுகு வலியை நாம் குறைக்கலாம். பிள்ளைகளுக்கும் இது நல்ல பழக்கம்.

26. சாமிக்கு உடைத்த தேங்காய் மூடி வீட்டில் குவிந்துவிட்டால், அன்றிரவே துருவித் தட்டையான பையில் மெல்லிசாகப் பரப்பி உறைய வையுங்கள். வேண்டியபோது அப்பளம்போல ஒடித்து எடுக்கலாம். மூடியின் உட்புறம் வழவழப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் துருவாமல் செடிக்குப் போடுங்கள், ஒரு கெட்ட மூடி முழுப் பையையும் கெடுக்கும்.

27. சாமி மாலையில் கோத்த எலுமிச்சைகளைக் குங்குமம் போகக் கழுவி, துடைத்து, நான்காய் வகுந்து உப்பில் போடுங்கள். மூன்று நாள் வெயிலில் வைத்தால் ஊறுகாய்க்கு ஆச்சு. வாடிய பூவை நாரிலிருந்து உருவித் தொட்டி மண்ணில் புதைக்கலாம், நாரை மட்டும் தனியே போடுங்கள், அது சீக்கிரம் மக்காது.

28. புந்தோங் போனவர்கள் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்ப மாட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வறுத்து விற்கும் கடைகள் அங்கே. கலவையாகக் கட்டிவைத்ததைவிட, கடலை, முறுக்கு, பட்டாணி என்று தனித்தனியாய் வாங்கி வீட்டில் கலந்தால் பிடிக்காதது மிஞ்சாது. பையின் அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் நமக்காது.

29. பட்டுச்சேலையில் குங்குமமோ விபூதியோ கொட்டினால் ஈரக் கையால் துடைக்கவே கூடாது. உதறிவிட்டு, காய்ந்த பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள், முக்கால்வாசி போய்விடும். பருத்தியில் மஞ்சள் கறை பட்டால் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள், வெயிலே மஞ்சளை வெளுத்துவிடும். பட்டை மட்டும் வெயிலில் போடாதீர்கள், சாயம் போகும்.

30. பேராக் தோங் 1926இல் சீனத் துறவி ஒருவர் தொடங்கிய குகைக் கோயில். உள்ளே 40 அடி உயரப் புத்தரைத் தரைத்தளத்திலேயே கண்குளிரப் பார்க்கலாம், சுவர் ஓவியங்களும் அங்கேதான். மலை உச்சிக்குப் போகும் படிகள் 400ஐத் தொடும். இளசுகள் ஏறட்டும், பெரியவர்கள் கீழே உட்கார்ந்து தெர்மஸ் காப்பியைத் திறக்கட்டும். குரங்கு நடமாட்டம் உண்டு, தின்பண்டப் பையை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

31. இனி என் மனசுக்கு ரொம்பப் பிடித்த இடம். தம்பூனில் குனோங் பாஞ்சாங் மலைச்சுவரில், செங்காவிக் கல்லைக் குழைத்துத் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. 1959இல் ரோலிங்ஸ் என்ற கூர்க்கா படை அதிகாரி கண்ணில்தான் அவை முதலில் பட்டன. புதிய கற்கால மனிதன் வரைந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். மானும் பன்றியும் மனித உருவங்களும் கடல்பசுவைப்போல ஒன்றும் தெரியும்.

32. அங்கே போகும் அன்று நீளக் கால்சட்டையும் கொசு மருந்தும் கட்டாயம். படி ஏறிப் போய் நின்றால் ஓவியம் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும், வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். முதலில் வெறும் பாறைதான் தெரியும். அவசரப்படாமல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றால் ஒவ்வொன்றாய்க் கண்ணுக்குப் பிடிபடும். தொடுவதும் தண்ணீர் தெளிப்பதும் கிறுக்குவதும் பாவம். பாறையில் பேர் எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் நிறுத்துங்கள்.

33. தம்பூனில் வெந்நீர் ஊற்றும் இருக்கிறது. ஓவியமும் ஊற்றும் ஒரே நாளில் என்றால் ஓவியம் காலையில், ஊற்று கடைசியில். குளித்த ஈரத் துணியோடு மலையேறினால் பிள்ளைகளுக்குச் சளிதான் மிச்சம்.

34. பத்து காஜா பக்கத்துக் கெல்லி மாளிகைக்கு மைகாட் கொண்டுபோங்கள், உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் காலமானதும் பாதியிலேயே நின்றுவிட்டது. அங்கே கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இதைப் பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள்.

35. மாளிகையைப் பார்த்துவிட்டு அப்படியே காரைத் திருப்பாதீர்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கொள்ளைக் காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் மடிந்தபோது, கோயில் கட்டித் தாருங்கள் என்று நம் மக்கள் கேட்க, கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தது அது. நன்றி மறக்காதவர்கள் வெள்ளை உடுப்போடு அவருக்கும் ஓர் உருவம் செய்து, சாமி சிலைகளுக்கு நடுவே கோயில் மேலே நிறுத்தினார்கள். அந்த உருவத்தை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள்.

36. தோட்டத்துக் கோயிலுக்குப் போகும்போது ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் ஒரு பொட்டலம் சூடமும் எடுத்துப் போவது நல்ல வழக்கம். லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான்களுக்கு மாறிப்போன பிறகு பல கோயில்களில் விளக்கு ஏற்றுவதே சிரமம். உண்டியலில் போடும் காசைவிடக் கையில் கொடுக்கும் எண்ணெய் அன்றைக்கே பயன்படும்.

37. காரில் பெரியவர் இருந்தால் அவரை முன் இருக்கையில் உட்கார வைத்து, கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிடுங்கள். பத்து காஜா, கோப்பேங் சாலையில் போகும்போது எந்தத் தோட்டம் எங்கே இருந்தது, யார் வெட்டுக்காட்டுக்குக் கிராணி, எந்தக் கோயிலில் எப்போது தீமிதி என்று அவராகவே சொல்லிக்கொண்டு வருவார். இன்று அங்கெல்லாம் வீடமைப்பும் செம்பனையும்தான், அந்தப் பெயர்கள் அவர் வாயில் மட்டுமே மிச்சம். வீட்டுக்கு வந்ததும் பதிவுக்குத் தோட்டத்தின் பெயரையும் தேதியையும் போட்டு வையுங்கள்.

38. பத்து காஜாவிலிருந்து திரும்பும்போது நேரம் இருந்தால் பாப்பன் சிற்றூரின் 74ஆம் எண் கடைவீட்டை நின்று பாருங்கள். ஜப்பான்காரன் காலத்தில் தாதி சிபில் கார்த்திகேசு காட்டுப் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் செய்த இடம், பிடிபட்டுக் கடும் சித்திரவதை பட்டும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் கல்லறை ஈப்போவில் புனித மைக்கேல் தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. வளரும் பெண்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

39. கோலகங்சார் போகிறவர்கள் உபுடியா பள்ளிவாசலுக்கு முழுக்கை உடுப்பும் சால்வையும் எடுத்துப் போங்கள், தொழுகை நேரம் தவிர்த்து வெளியே நின்று பார்க்கலாம். 1917இல் கட்டி முடித்த தங்கக் குவிமாடப் பள்ளிவாசல் அது. கட்டும்போது இரண்டு யானைகள் மோதிக்கொண்டு இத்தாலிச் சலவைக்கல்லை மிதித்து உடைத்துவிட, கல் திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று.

40. அதே ஊரில், மாவட்ட அலுவலகத்தை ஒட்டி வேலி கட்டிய ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் கொண்டுவந்து நட்ட முதல் கன்றுகளில் எஞ்சியது. கட்டணம் கிடையாது, பத்து நிமிடம் போதும். நம் குடும்பங்கள் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த கதையே அந்த மரத்திலிருந்துதான் தொடங்குகிறது. தாத்தாவை மரத்தடியில் நிறுத்தி, மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

41. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். சுமார் பத்தாயிரம் ஆண்டுக்கு முன் கால் மடக்கிப் புதைத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு அங்குள்ள குகையில் கிடைத்தது. குகைகளுக்கு முன் அனுமதி தேவைப்படும், அதனால் சும்மா போய் நிற்காதீர்கள், முதலில் தொலைபேசியில் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் காட்சிக்கூடம் மட்டும் பார்த்து வரலாம். கோலகங்சாரோடு சேர்த்துத் திட்டமிட்டால் பெட்ரோல் ஒன்றுதான்.

42. மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுப் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் லுமுட்டில் முதல் படகைப் பிடியுங்கள், கடைசி நிமிடக் கூட்டத்தில் பிள்ளை கை நழுவும். மதியம் சும்மா உட்காராமல் தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர் 1670இல் கட்டிய கோட்டையையும் பார்த்து வரலாம். கருவாடு வாங்கினால் மூன்று பை போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிரசாதமும் கருவாடு மணக்கும்.

43. சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனால் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரமும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவிழா நாளில் அறை வாடகை ஏறும், ஈப்போவிலிருந்து காலையில் போய் இரவில் திரும்புவதே சிக்கனம். ஓட்டுநருக்கு மட்டும் மதியம் ஒரு மணி நேரம் தூங்க இடம் பார்த்துக் கொடுங்கள்.

44. கோலாலம்பூருக்குத் திரும்பும் விருந்தாளிகள் பீடோரில் கொய்யா வாங்க நிற்பார்கள். அப்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள்: 1936இல் அந்தப் பீடோரின் ஈயச் சுரங்கத்தில்தான் எட்டுக் கை அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இப்போது அது தலைநகரின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொய்யா தின்ற பிள்ளைகள் அடுத்த வாரமே அந்தச் சிலையையும் பார்க்கட்டும்.

45. கார் இல்லாத சொந்தக்காரர்களை இடிஎஸ் ரயிலில் வரச் சொல்லுங்கள், 1917இல் எழுந்த ஈப்போ நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம்தான். விடுமுறை நாட்களில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் வாங்கிவிடட்டும். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டு, மைகாட்டைக் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

46. மலையேறி நனைந்த சப்பாத்துக்குள் பழைய 'தமிழ் நேசன்', 'மக்கள் ஓசை' தாள்களைக் கசக்கித் திணித்துக் காற்றாடியின் முன் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும், மறுநாள் அடுத்த கோயிலுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். சாமி படம் போட்ட பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.